நீலத் தண்ணீர்

கரும்பை மண்ணோடு ஒட்ட வெட்ட வேண்டும். அடியில்தான் சாறு இருக்கிறது என்று நிலத்துக்காரர் கத்துவார். கட்டை நின்றால் அடுத்த வருசத்துக்குத் துளிர்க்கிற மறுதாம்பு சரியாகத் தழையாது என்று மில்லிலிருந்து வருகிறவரும் கத்துவார். ராசு யார் கத்தினாலும் கேட்கிற ஆள் இல்லை. மண்ணுக்கு மேலே ஒரு சாண் விட்டு, கத்தியைச் சாய்த்து ஒரே வீச்சு. கரும்பு சாயும். கீழே நிற்கிற கட்டை சீவின பென்சில் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"ஒட்ட வெட்டுய்யா, யாரு கால்லயாச்சும் ஏறிடப் போவுது" என்று பின்னால் கரும்பின் காய்ந்த இலையை, சோகையை, உரித்துக்கொண்டே வருகிற தைலம்மாள் சொல்வாள்.

"மண்ணுல வுட்டா கல்லுல பட்டு கத்தி மொண்ணையாவும். அப்பால அத்த ஒக்காந்து தீட்டிக்கினு இருக்கறது யாரு, ஒங்கப்பனா?"

"எங்கப்பன் செத்துப் பல வருசமாச்சு. அவரு எந்திரிச்சு வந்தாருன்னா மொத வேலையா ஒன்னியத்தான் தீட்டுவாரு."

முன்னாலும் பின்னாலும் வெட்டிக்கொண்டிருக்கிறவர்கள் சிரிப்பார்கள். இந்தப் பேச்சு அவர்களுக்கு இடையில் தினமும் நடக்கிற ஒன்று. வெயில் ஏறுகிறவரை இதுதான் பாட்டு.

கரும்பு வெட்டில் தனி ஆள் கணக்குக் கிடையாது. ஜோடிதான் கணக்கு. ஆண் வெட்டிப் போடுவான், பெண் சோகை உரித்து, நுனியில் நிற்கிற கொழுந்தாடை சீவி, கட்டுக் கட்டுவாள். ரெண்டு பேரும் சேர்ந்து 'ஒரு கத்தி'. மேஸ்திரி வெற்றிவேல் 'எட்டுக் கத்தி கூட்டிக்கினு வரேன்' என்று நிலத்துக்காரரிடம் சொன்னால் பதினாறு பேர் வருவார்கள். ராசுவும் தைலம்மாளும் கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு கத்தி. அடித்துக்கொண்ட நாளிலும் பேசாத நாளிலும் அவர்கள் ஒரு கத்திதான்.

அந்த வருசம் மாசி மாசத்தில் வடக்கனந்தல் பக்கம் ஒரு பெரிய தோட்டம் கிடைத்தது. மேற்கே கல்வராயன் மலை காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. மலையின் இடுப்பில் எங்கோ புல்லுக்குத் தீப்பிடித்துப் புகை நின்றது. வெட்டி முடித்துக் கட்டுகளை லாரிக்குச் சுமக்கும் நேரம். ராசு தலையில் கரும்புக்கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, தான் வெட்டின சாலிலேயே நடந்து வந்தான். காலில் சோகை மாட்டியது. தலைக்கட்டோடு குப்புற விழுந்தான்.

அவன் வெட்டி நிறுத்தின கட்டைதான். இடது பக்கம், கழுத்தின் ஓரமாக ஏறிவிட்டது.

அவனே கையை ஊன்றி அதிலிருந்து கழுத்தைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். இரத்தம் அவ்வளவாக இல்லை. ஒரு ரூபாய்க் காசு அளவு ஓட்டை. தைலம்மாள் ஓடிவந்து தலைத்துண்டை அவிழ்த்து அழுத்திக் கட்டினாள்.

"ஒண்ணுமில்லடி, தோல்தான் கிழிஞ்சிருக்குது. கூவாத" என்றான் ராசு. பேச்சு வந்தது. அதனால் எல்லோருக்கும் தைரியம் வந்தது.

"மயக்கம் கியக்கம் வந்துடப்போவுது, மொதல்ல சூடா குடு" என்று மேஸ்திரி கேனிலிருந்து டீயை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தான். ராசு மடமடவென்று குடித்தான். குடித்ததும் துண்டு நனைந்தது. தைலம்மாள் இரத்தம் என்று நினைத்துத் துண்டை விலக்கினாள். இரத்தம் இந்த நிறத்தில் இருக்காது. இவ்வளவு சூடாக இருக்காது. ஏலக்காய் வாசனை அடிக்காது.

"ஐயோ, டீ!" என்றாள். "குடிச்ச டீ கழுத்து வழியா வருது!"

மற்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். ராசு மட்டும் டம்ளரைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான். "இன்னாமே இது?" என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் பயந்தான்.

*

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் அறுவை டாக்டர் மலர்விழி அவன் கழுத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். தோலுக்கடியில் பொரியை மிதித்த மாதிரி நொறுநொறுவென்று சத்தம் வந்தது. முப்பத்தஞ்சு வயசு இருக்கும் அவளுக்கு. கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது, தூங்கி நாளான ஆள் போல.

"எப்ப விழுந்தாரு?"

"இப்பத்தாம்மா, பத்து மணி வாக்குல."

"அதுக்கப்புறம் ஏதாச்சும் குடுத்தீங்களா?"

தைலம்மாள் தயங்கினாள். "டீ."

"டீயா! எவ்வளவு?"

"ஒரு டம்ளருங்க. ஆனா எல்லாம் கழுத்து வழியா வந்துடுச்சும்மா."

"வந்தது வந்துடுச்சு. வராம உள்ள நெஞ்சுக்கூட்டுக்குள்ள எறங்கினது எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? அதுதான் ஆளைக் கொல்லும்." அவள் ராசுவின் கழுத்தில் விரலால் காட்டினாள். "முன்னாடி இருக்கறது மூச்சுக்குழாய். அதுக்குப் பின்னாடி முதுகெலும்பை ஒட்டினாப்ல இருக்கறது சோறு எறங்கற குழாய். கட்டை மூச்சுக்குழாயையும் ரத்தக்குழாயையும் விட்டுட்டு நேரா அங்க போயி கிழிச்சிருக்குது. ரத்தக்குழாய்ல ஒரு நூல் பட்டிருந்தா தோட்டத்துலயே முடிஞ்சிருக்கும்."

"பொழைச்சுக்குவாராம்மா?"

"இன்னிக்கே தெறந்து தெச்சா பொழைக்கறவங்கதான் ஜாஸ்தி. ஒரு நாள் தள்ளிப் போச்சுன்னா சீழ் பிடிச்சிடும், அப்ப தெச்சாலும் தையல் நிக்காது. நீங்க உடனே வந்துட்டீங்க. அந்த டீ கழுத்துல வரலன்னா தோல் காயம்னு கட்டுப் போட்டுக்கினு வீட்டுக்குப் போயிருப்பீங்க."

"அப்ப டீ குடுத்தது நல்லதுதானா?" என்று பின்னால் நின்ற வெற்றிவேல் கேட்டான்.

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ வெளிய போய் நில்லுப்பா" என்றாள்.

மதியம் உள்ளே கொண்டுபோனார்கள். பொழுது சாய்கிற நேரத்தில்தான் டாக்டர் வெளியே வந்தாள். கிழிசலைத் தைத்து, கழுத்திலிருந்தே ஒரு துண்டுச் சதையை எடுத்து மேலே போர்த்திவிட்டதாகச் சொன்னாள். கழுத்தோரம் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று வெளியே வந்து ஒரு பையில் முடிந்தது, கசிவு வந்தால் தெரிவதற்கு. வயிற்றில் இன்னொரு குழாய், குடலுக்கு நேராக.

"சாப்பாடு இனிமே இதுல. வாயில ஒரு சொட்டு கூடாது. தண்ணி கூடாது. எச்சில்கூட முழுங்கக் கூடாது, துப்பிடணும். தையல் கூடிடுச்சான்னு பார்த்துட்டு நான் சொல்றவரைக்கும்."

"அப்பறம் பழையபடி சாப்புடுவாராம்மா?"

"அதுக்குத்தான் இவ்வளவும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். சாப்பிடுவார் என்று சொல்லவில்லை. தைலம்மாள் அதைக் கவனித்தாள்.

*

ராசு சோற்றில் குற்றம் சொல்கிறவன். உப்பு கம்மி என்பான், இல்லாவிட்டால் ஜாஸ்தி என்பான். நடுவில் ஒரு நாள் சரியாக இருந்தால், சட்டி அடிப்பிடித்த வாசனை என்பான். ஒரு முறை கருவாட்டுக் குழம்பைத் தட்டோடு வாசலில் வீசினான். அன்றைக்குத் தைலம்மாள் மீதிக் குழம்பைச் சட்டியோடு எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்தாள். அப்படிப்பட்டவனின் வாய் இப்போது பிளாஸ்டிக் கிண்ணத்தில் எச்சில் துப்புவதற்கு மட்டும்தான்.

குழாயில் ஊற்றுகிற கஞ்சிக்கு அடுப்பு வேண்டும். ஆஸ்பத்திரிக்கு எதிரே காஜா பாய் டீக்கடையில் பின்கட்டு அடுப்பைக் காஜாவின் மனைவி ரஜியா விட்டுக்கொடுத்தாள். முதல் நாள் தைலம்மாள் கேழ்வரகைக் காய்ச்சிக்கொண்டு போனாள். தோட்டத்து வேலைக்காரர்கள் குடிக்கிற பதத்தில், கரண்டி நிற்கிற பதத்தில். குழாய் அடைத்துக்கொண்டது. நர்ஸ் வெந்நீரை ஊசிக்குழலில் ஏற்றித் தள்ளித் தள்ளி அடைப்பை எடுத்து, வார்டே கேட்கும்படி திட்டினாள்.

"இன்னாத்த ஊத்தினே?" என்று ரஜியா கேட்டாள்.

"கூழுதான். ஆம்பளைக்குத் தெம்பு வேணாமா?"

"தெம்பு வேணும், அதுக்காவ சிமெண்ட்டுக் கலவையா ஊத்துவே? நைசா அரைச்சு, வெள்ளைத் துணியில வடிகட்டும்மா. ரெண்டு தடவ வடிகட்டு."

நோன்பு மாசம் பிறந்திருந்தது. ரஜியா விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், ஆஸ்பத்திரி ஜனத்துக்காக டீயும் இட்லியும் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனைக்குள்ளேயே நின்றாள்.

"எப்படிக்கா முடியுது ஒன்னால? எதிர்க்கவே சோத்த வெச்சிக்கினு?" என்று தைலம்மாள் ஒரு நாள் கேட்டாள்.

"சாயங்காலம் வரும்னு தெரியும் இல்ல? பள்ளிவாசல்ல பாங்கு சொன்னா நோன்பத் தொறந்துடுவேன். தெரிஞ்சா பசி கஷ்டமில்ல. ஒம் புருசனுக்கு பாங்கு சொல்லறது டாக்டரம்மா. அவங்க சொல்லற வரைக்கும் அவருக்கும் நோன்புதான்னு நெனச்சுக்கோ."

தைலம்மாள் கஞ்சியைத் துணியில் பிழிந்தாள். பால், அவித்த முட்டை, பருப்புத் தண்ணீர், ரஜியா தனியாக எடுத்துவைக்கிற நோன்புக் கஞ்சி, எல்லாம் துணியில் வடிந்து தண்ணியாகத்தான் குழாய்க்குப் போனது. ஊற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அவள் அவனைப் பார்த்து, "உப்பு சரியா இருக்குதாய்யா?" என்று கேட்டுவிடுவாள். பழக்கதோஷம். முதல் தடவை ராசு முறைத்தான். இரண்டாம் தடவை வயிற்றைத் தடவி, "ஜாஸ்தி" என்றான். பக்கத்துக் கட்டில்காரன் சிரித்த சிரிப்பில் அவனுடைய வயிற்றுத் தையல் நொந்துபோயிற்று.

ஆனால் ராத்திரி விளக்கை அணைத்தபின் ராசு எச்சிலைத் துப்பிவிட்டு வெறும் தொண்டையை மெல்ல அசைத்துப் பார்ப்பான். அது அவளுக்குத் தெரியும். அவள் பார்க்காத மாதிரி திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

*

தோட்டம் யாருக்காகவும் நிற்காது. மில்லின் கட்டிங் ஆர்டர் இருக்கிறவரை வெட்டியாக வேண்டும். வெற்றிவேல் வார்டு வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"ஜோடி இல்லாம ஒன்ன எப்படிக்கா சேத்துக்கறது? ஒரு கத்தி கொறையுது. சங்கராவரத்துல ஒரு ஜோடி சும்மா கீது, அவங்கள இழுத்துக்கலாம்னு..."

"கத்தி எங்க கொறையுது? எம் புருசன் கத்தி வூட்டு எறவாணத்துலதான் செருவியிருக்குது."

"கத்தி இருக்குது, கை வேணாமா?"

தைலம்மாள் இரண்டு கையையும் அவன் மூஞ்சிக்கு நேராக நீட்டினாள். "இது இன்னா, அகப்பையா?"

வெள்ளிமலையில் வாழ்க்கைப்பட்டிருந்த ராசுவின் அக்கா ஆண்டாள் பஸ் பிடித்து இறங்கி வந்து தம்பிக்குக் காவல் உட்கார்ந்தாள். முட்டி வலி வந்து தோட்ட வேலையை விட்டவள். தைலம்மாள் விடிகாலையில் தோட்டத்துக்குப் போய்த் தானே வெட்டி, தானே உரித்து, தானே கட்டினாள். மற்ற ஜோடிகள் வெட்டுவதில் பாதிதான் ஓடியது. 'அரைக்கத்தி' என்று பெயர் வைத்தார்கள்.

"இன்னா அரைக்கத்தி, சால் முடிஞ்சிச்சா?"

"முடிச்சுட்டு ஒனக்கும் சேத்து வெட்டித் தரேன், ஒம் பொண்டாட்டிய அனுப்பு, நீ வூட்ல சோறாக்கு."

அவள் மண்ணோடு ஒட்ட வெட்டினாள். கல்லில் பட்டுக் கத்தி மொண்ணையாயிற்று. உட்கார்ந்து தீட்டினாள். மறுபடியும் மொண்ணையாயிற்று. மறுபடியும் தீட்டினாள். அவள் சாலில் ஒரு கட்டைகூடத் தலை தூக்கவில்லை. தோள்பட்டை கழன்றுபோகிற அளவுக்கு வலித்தது. மதியம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி, கண்டக்டர் எழுப்பி இறங்கி, கஞ்சியைப் பிழிய நிற்பாள்.

அப்படி ஒரு மதியம் வந்தபோது ராசு குளிரில் உதறிக்கொண்டிருந்தான். கட்டில் ஆடியது. கழுத்துக் குழாயின் பையைப் பார்த்தாள். தினமும் கொஞ்சம் மஞ்சள் நீர் நிற்கும் இடத்தில் இன்றைக்குச் செம்மண் நிறத்தில் கலங்கலாக நின்றது. தோட்டத்தில் டீயைப் பார்த்த அதே கண்ணால் பார்த்தாள். கேழ்வரகு.

"அண்ணி! இன்னா குடுத்தே?"

ஆண்டாள் முந்தானையை வாயில் அடக்கினாள். "ஒரு மடக்குதாண்டி. ஒரே மடக்கு. எத்தினி நாளா வாய் நனையல. கொடல் ஒட்டிக்கும் தைலம், ஒட்டிக்கினா அப்பால பிரிக்க முடியாது. எங்க மாமனாருக்கு அப்படித்தான் ஆச்சு. குழாய்ல ஊத்தறதெல்லாம் சாப்பாடா? அவன்தான் நாக்கு ஒட்டிக்கிச்சுக்கா, ஒட்டிக்கிச்சுக்கான்னு கெஞ்சினான்..."

"கேட்டா குடுத்துடுவியா? கொழந்த கத்திய கேட்டா குடுத்துடுவியா?"

"ந்தா, அக்காவ ஒண்ணும் சொல்லாத" என்றான் ராசு, பல் கிட்டியபடி. "நாந்தான் கேட்டேன்."

"நீ வாய மூடு. ஒனக்கு அந்த வாயி எச்சி துப்பத்தான்னு டாக்டரம்மா சொல்லிச்சா இல்லயா?"

டாக்டர் மலர்விழி வந்தாள். படம் எடுத்தார்கள். தைத்த இடம் ஓரத்தில் விட்டிருந்தது. தையல் கூடிவிட்டதா என்று நாளைக்குப் பார்க்க வைத்திருந்த சோதனையை அவள் தள்ளிப்போட்டாள். ஆண்டாள் அவள் காலில் விழப் போனாள். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"கால்ல விழுந்து என்னம்மா ஆவப்போவுது? கேளுங்க. குடல் ஒட்டாது. வயித்துக் குழாய்ல போறது குடலுக்குத்தான் போவுது, அது அதும்பாட்டுக்கு வேலை செஞ்சிக்கினுதான் இருக்குது. தெனமும் வெளிக்குப் போறாரா இல்லையா?"

"போறான்."

"ஒட்டின குடல்லேர்ந்து எப்படிப் போவும்?"

ஆண்டாளுக்கு அது விளங்கியது. வேறு யார் எப்படிச் சொல்லியிருந்தாலும் விளங்கியிருக்காது.

"மறுபடியும் அறுக்கணுமாம்மா?" என்று தைலம்மாள் கேட்டாள்.

"வேணாம். கசியறது வெளிய வரதுக்குக் குழாய் இருக்குது, அதனால நெஞ்சுக்குள்ள தேங்கல. காய்ச்சலுக்கு மருந்து போடறேன். வயித்துக் குழாய்ல நல்லா சாப்பாடு போச்சுன்னா ஓட்டை தானா சுருங்கி மூடிக்கும். நிறைய பேருக்கு மூடியிருக்குது. ஆனா இன்னொரு மடக்கு போச்சுன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

அன்றிலிருந்து ஆண்டாள் வேறு ஆள். கட்டில் காலடியில் சுவரில் சாய்ந்து, முட்டியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பார்க்க வருகிறவர்களின் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டாள். வெற்றிவேல் திராட்சை வாங்கி வந்தான்.

"இத யாருக்குடா வாங்கினே?"

"மாமனுக்குத்தான்."

"ஓட்டத் தொண்டக்காரனுக்குத் திராச்சையா? டீ ஊத்தினவன்தானே நீ? போடா அந்தாண்ட." திராட்சையைப் பிடுங்கிப் பக்கத்துக் கட்டில்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். குளித்துவிட்டு வந்தால் ராசுவின் வாயை முகர்ந்து பார்த்தாள், குழாயடியில் தண்ணீர் கொப்பளித்து முழுங்கினானா என்று. ஜெயில் வார்டன் என்று நர்ஸுகள் அவளைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு அந்தப் பட்டம் பிடித்திருந்தது.

பையில் செம்மண் நிறம் போய் மஞ்சளாயிற்று. மஞ்சள் குறைந்து ஒரு நாள் வெறும் ஈரமாக நின்றது. தைலம்மாள் வந்ததும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டாள், பையைத்தான் பார்ப்பாள்.

*

நோன்பு முடியப் போகிற வாரம், ஒரு பிற்பகலில், டாக்டர் ஒரு டம்ளரில் நீல நிறத் தண்ணீரைக் கொண்டுவந்தாள். சொட்டு நீலம் கரைத்த மாதிரி இருந்தது.

"இதக் குடிக்கணும் ராசு. மெதுவா. மருந்துச் சாயந்தான், ஒண்ணும் பண்ணாது. ஓட்டை இன்னும் இருந்தா நீலம் இந்தப் பையில வந்துடும்."

"வந்துட்டா?" என்றான் ராசு.

"வந்துட்டா காத்திருப்போம்."

வார்டில் எழுந்து நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி வந்துவிட்டார்கள். நர்ஸ் விரட்டினாள், போகவில்லை. எதிர்க்கடையிலிருந்து ரஜியா தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல் ஓரம் வந்து நின்றாள். ஆண்டாள் தரையிலிருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

ராசு டம்ளரை வாங்கினான். வாயில் ஒரு மடக்கு ஊற்றி, அங்கேயே வைத்துக்கொண்டான். முழுங்கப் பயந்தான். கன்னம் உப்பி, உதடு நீலமாகி, கண்ணை மட்டும் தைலம்மாள் பக்கம் திருப்பினான்.

"முழுங்குய்யா" என்றாள் அவள். "அன்னிக்கு டீய மடமடன்னு குடிச்சவன்தானே?"

குரல்வளை மேலே ஏறி இறங்கியது. அவ்வளவு நாளாக வெறும் தொண்டையாக ஏறி இறங்கிப் பழகினது. எல்லோரும் பையைப் பார்த்தார்கள். இன்னொரு மடக்கு. இன்னொன்று. டம்ளர் காலியாயிற்று. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மின்விசிறி மட்டும் கடகடத்தது.

பை வெள்ளையாகவே இருந்தது.

டாக்டர் குனிந்து குழாயை விரலால் நீவினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தாள். பிறகு தைலம்மாளைத் தேடித் திரும்பி, "மூடிக்கிச்சு" என்றாள்.

ஆண்டாள் போட்ட கூச்சலில் பக்கத்து வார்டிலிருந்து ஆட்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடிவந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரன் கை தட்டினான். தைலம்மாள் அழவில்லை. பையைக் கையில் ஏந்தி, அதில் ஒன்றுமில்லாததை ஒரு நகையைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தண்ணி குடிக்கலாம். சாயங்காலம் கஞ்சித் தண்ணி கொஞ்சமா. கெட்டியா எதுவும் இன்னும் கூடாது" என்று டாக்டர் சொன்னாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள், பல் தெரிய. அப்போதுதான் அவளுக்குத் தெத்துப்பல் இருப்பது தைலம்மாளுக்குத் தெரிந்தது.

மாலையில் ரஜியா ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சியின் தெளிவைக் கொடுத்தனுப்பவில்லை, தானே கொண்டுவந்தாள். "கடையப் பாய் பாத்துப்பாரு. நான் நோன்ப இங்கதான் தொறக்கப் போறேன்" என்றாள். பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஒலித்தது. அவள் பேரீச்சம்பழத்தைக் கடித்தாள். தைலம்மாள் கரண்டியில் கஞ்சித் தெளிவை ராசுவின் வாயில் விட்டாள். அவன் அதை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, மெல்ல இறக்கினான். எங்கேயும் நனையவில்லை.

"உப்பு சரியா இருக்குதாய்யா?"

ராசு வாயைத் திறந்து காட்டினான், இன்னொரு கரண்டிக்கு.

*

வீட்டுக்குப் போனதோடு முடிந்துவிடவில்லை. ஆறின இடம் தழும்பாகிச் சுருங்கி, வெயில் காலத்தில் குழைந்த சோறே நெஞ்சில் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய், மயக்கம் கொடுத்து, மெல்லியதிலிருந்து தடிமனாக ஒவ்வொரு குழாயாக உள்ளே விட்டு அகலப்படுத்தினார்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும். அதற்கப்புறம் இட்லி இறங்கியது. ஆடிக்கு மேல் கறித்துண்டு இறங்கியது. வயிற்றுக் குழாயை எடுத்த இடத்தில் ஒரு இரண்டாம் தொப்புள் மாதிரி தழும்பு மட்டும் மிஞ்சியது. குரல் கொஞ்சம் கரகரத்தது. தலைச்சுமை மட்டும் இந்த வருசம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாள்.

தை பிறந்ததும் வெற்றிவேல் ஆள் சேர்க்க வந்தான். அதே வடக்கனந்தல் தோட்டம். போன வருசத்துக் கட்டையிலிருந்து தழைத்த மறுதாம்பு, ஆள் மட்டத்துக்கு மேல் நின்றது.

"மாமன் வெட்டறாரா?"

"நான் வெட்டறேன்" என்றாள் தைலம்மாள். "அவரு உரிச்சுக் கட்டுவாரு. தூக்கறதுக்கு நீ ஆள் குடு. ஒரு கத்தின்னு எழுதிக்கோ, அரைன்னு எழுதினேன்னா பாரு."

அப்படித்தான் நடந்தது. அவள் முன்னால் வெட்டிச் சாய்க்க, ராசு பின்னால் சோகை உரித்து, கொழுந்தாடை சீவிக்கொண்டு வந்தான். முதல் நாள் முழுக்க மற்ற ஆண்கள் கேலி செய்தார்கள். "ராசு, தலைக்குக் கனகாம்பரம் வெச்சுக்கறது?" என்றான் ஒருவன். ராசு நிமிராமலே, "ஒம் பொண்டாட்டி வெச்சிருக்கறத கழட்டிக் குடு" என்றான். இரண்டாம் நாள் அவர்கள் சால் மற்றவர்களின் சாலுக்குச் சமமாக ஓடியது. கேலி நின்றுவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் தைலம்மாள் தூக்கைத் திறந்தாள். ஆண்டாள் மலையிலிருந்து அனுப்பின மரவள்ளிக் கிழங்கு, அவித்தது, மாவாக வெடித்திருந்தது. கூடப் பச்சை மிளகாய்ச் சட்னி. நல்ல தொண்டைக்காரனுக்கே தண்ணீர் இல்லாமல் விக்குகிற தின்பண்டம். சுற்றியிருந்தவர்கள் தங்கள் சோற்றை மறந்து பார்த்தார்கள். வெற்றிவேல் தண்ணீர்ச் சொம்பைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ராசு ஒரு துண்டைச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டான். மென்றான். குரல்வளை ஏறியது, இறங்கியது. தைலம்மாளின் கண், அவளறியாமல், அவன் கழுத்துத் தழும்புக்குப் போனது. தழும்பு காய்ந்து கிடந்தது.

"உப்பு கம்மி" என்றான் ராசு.

தோட்டமே சிரித்தது.

"கம்மின்னா நாளைக்கு நீயே அவிச்சு எடுத்துக்கினு வா" என்று தைலம்மாள் எழுந்தாள். அவள் முகம் போட்டிருந்த கோபம் பொய் என்று அவளுக்கே தெரிந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு சாலில் இறங்கி, குனிந்து, மண்ணோடு ஒட்ட வீசினாள். கணீரென்று கல்லில் பட்டது. கத்தியின் வாய் மடங்கியிருந்தது. அவள் தீட்டுகல்லைத் தேடித் திரும்பினாள்.

ராசு கிழங்கை வாயில் அடக்கிக்கொண்டே கல்லை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"கொண்டா இப்படி" என்று கையை நீட்டினான். "தீட்டித் தரேன்."

தைலம்மாள் கத்தியைக் கொடுக்காமல் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னாய்யா இது? எங்கப்பன் எந்திரிச்சு வந்துட்டாரா?"

அவன் கிழங்கை முழுசாக விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"வந்துட்டாரு. கத்திய குடுடி பொண்ணு."